பல்பைச் சுட்டால் வாத்து விழுமா?

குணசேகரன் அண்ணன் அந்தக் கதையை மறுபடியும் சொல்லிவிட்டான். இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவள் இலக்கியா. அண்ணனின் மகள். நான் இயற்பியல் எடுக்கும் பிளஸ் ஒன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருபவளும் அவள்தான்.

"ஒங்க அருணா அத்தை லேசுப்பட்ட ஆளு இல்ல. டிவியைச் சுடுற மாதிரி காட்டிட்டு, மேல தொங்குன குண்டு பல்பைச் சுட்டே பத்து வாத்தையும் விழுத்தாட்டுனவ."

"நெசமாவா அத்தை?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அரையாண்டுத் தேர்வில் துண்டுச்சீட்டு வைத்திருந்த அவளுடைய தோழியை எழுப்பி நிறுத்தியது நான்தான். அந்த நினைப்பும் சிரிப்போடு சேர்ந்து வந்ததை என்னால் பார்க்க முடிந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆலங்குடியில் அண்ணன் வீட்டுப் பரணை ஒழித்தபோதுதான் அந்த டிவி கேம் பெட்டி, அதன் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு, கீழே வந்தது. 1998 மே மாதம் திருப்பதி சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பெரியப்பா மகனான அண்ணனுக்கும் எனக்கும் அவர் ஒரே சித்தப்பா. கொண்டுவந்ததோ ஒரே பெட்டி. டிவித் திரையில் பறக்கும் பத்து வாத்தில் யார் அதிகம் சுடுகிறார்களோ அவர்களுக்குப் பெட்டி என்றார். அண்ணன் ஆறு, நான் பத்து. "அவ பல்பைச் சுட்டா சித்தப்பா" என்று அண்ணன் கத்தினான். பல்பும் வெளிச்சம்தானே என்று சித்தப்பாவும் நம்பிவிட்டார். பெட்டி அண்ணன் வீட்டுக்குப் போனது. எனக்கு அப்போது பதினொரு வயது. மூன்று நாள் அழுதேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. அசல் ஜப்பானில் செய்தது, எங்களுக்குக் கிடைத்தது நகல். ஆனாலும் உள்ளே இருந்த புத்திசாலித்தனம் அசலேதான். இன்று காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வணக்கப் படத்துக்குள் அந்த வாத்து விளையாட்டு முழுவதும் நாலைந்து தடவை அடங்கிவிடும். அவ்வளவு குறைந்த இடத்தில் வாத்தை, புல்லை, நாயை, பாட்டை எல்லாம் திணித்திருந்தார்கள்.

"போட்டுப் பார்த்துருவோமாண்ணே?" என்றேன்.

கேம் கேசட்டின் பித்தளை முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் அண்ணன் வீட்டுப் பெரிய எல்.இ.டி. டிவியில் சொருகினோம். பாட்டு வந்துவிட்டது! வாத்தும் பறந்தது. நான் சுட்டேன். ஒன்றும் விழவில்லை. அண்ணன் சுட்டான். விழவில்லை.

"பார்த்தியா, பல்பு இல்லாம விழாது" என்றான் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் என் அண்ணன்.

"பழைய டியூப் டிவி வேணும்ணே. பக்கத்து வீட்டுல இருக்கு, வா."

சொர்ணவல்லி அக்கா வீட்டில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இன்னும் ஓடுகிறது. அக்கா ரிமோட்டை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார்.

"ஏழு மணிக்கு எனக்கு நாடகம். அதுக்குள்ள முடிச்சுக்கங்க தம்பி."

"அரை மணி நேரம் போதும்க்கா."

டிவிக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சுகள். குளிருக்கு அவற்றின் மேல் நூறு வாட் குண்டு பல்பு தொங்கியது. எனக்கு அதைவிட நல்ல ஆய்வகம் எங்கே கிடைக்கும்?

"அண்ணே, நீ பல்பைச் சுடு. வாத்து வந்ததும் பல்பைப் பார்த்தே அமுக்கு."

"குஞ்சைச் சுட்டுறாத ராசா" என்றார் அக்கா.

அண்ணன் பல்புக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்துப் பத்து வாத்துக்கும் சுட்டான். பத்தும் பறந்தன. நாய் மட்டும் புல்லிலிருந்து எழுந்து சிரித்தது.

இலக்கியா தன் செல்போனை ஸ்லோமோஷனில் வைத்துத் திரையைப் படம் பிடித்திருந்தாள். ஓட்டிக் காட்டினாள். துப்பாக்கி எதையும் வெளியே விடுவதில்லை. அது ஒரு கண், பார்க்க மட்டும் செய்யும். விசையை அமுக்கிய நொடியில் திரை முழுக்க இருண்டுபோகிறது. அடுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, நம் கண் பிடிக்காது. துப்பாக்கி முதலில் இருட்டைப் பார்க்க வேண்டும், பிறகு வெளிச்சத்தை. அப்போதுதான் வாத்து விழும். பல்பைப் பார்த்தால் இருட்டு வர வேண்டிய நேரத்திலும் வெளிச்சம். உடனே பெட்டிக்குத் தெரிந்துவிடும். அண்ணன் வீட்டு டிவியில் ஏன் விழவில்லை என்றால், புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டும். வெள்ளைக் கட்டம் வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது.

"ஏமாத்துவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்கப்பா!" என்றாள் இலக்கியா. செய்தவர்களை நினைத்து எனக்கும் அந்தப் பெருமைதான்.

அப்போதுதான் வேறொன்று எனக்கு உறைத்தது.

"அண்ணே, பெட்டி அஞ்சாறு வருஷம் ஒங்கிட்ட ஓடுச்சு. ஒரு நாளு கூடவா நீ பல்பைச் சுட்டுப் பார்க்கல?"

அண்ணன் துப்பாக்கியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மறுநாளே பார்த்தேன்."

"பார்த்து?"

"நாப்பது வாட்டு, அறுபது வாட்டு, டார்ச் லைட்டு, எல்லாத்தையும் சுட்டேன். ஒண்ணும் விழல."

"அப்பறம் ஏம்ப்பா சொல்லல?" இலக்கியாதான் கேட்டாள்.

"சொன்னா பெட்டியைக் கொடுக்கணும்ல?"

"அதுக்கப்பறம்? பெட்டி பரணுக்குப் போனப்பறம்?"

"சொல்லிச் சொல்லி எனக்கே நெசம் மாதிரி ஆயிருச்சு ஆத்தா." மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "நீ பத்தும் நெசமாத்தான் சுட்ட, அருணா."

இருபத்தேழு வருஷம். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திட்டியது சொர்ணவல்லி அக்காதான்.

"அட களவாணிப் பயலே! புள்ளையை இத்தனை காலம் கள்ளின்னு சொல்லித் திரிஞ்சியா நீ?"

மணி ஏழைத் தாண்டியிருந்தது. அக்கா ரிமோட்டை முந்தானையிலிருந்து எடுக்கவில்லை. "நாடகம் கெடக்கு, நாளைக்கு மத்தியானம் திருப்பிப் போடுவான். நீ சுடு ஆத்தா, பார்ப்போம்."

அண்ணன் வயரைப் பிரித்துத் துப்பாக்கியை என் கையில் கொடுத்தான்.

"பல்பை வேணா அணைச்சுக்கவா?" என்றேன்.

"எரியட்டும். குஞ்சுக்குக் குளிரும். நீ சுடு."

ஏழு விழுந்தது. மூன்று தப்பியது. அண்ணனின் பழைய ஆறைவிட ஒன்று அதிகம் என்று இலக்கியா சத்தமாகச் சொன்னாள், அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே.

பெட்டியைத் துடைத்து, வயர்களை மடித்து, என் ஸ்கூட்டியின் முன்னால் வைத்து அண்ணனே கயிறு கட்டினான். கட்டி முடித்ததும்தான் எனக்கு நினைவு வந்தது, என் வீட்டிலும் இருப்பது புது டிவிதான். திரும்பிப் பார்த்தேன். அதை எப்படியோ புரிந்துகொண்ட சொர்ணவல்லி அக்கா வாசற்கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்.

"டிவியைத் தர மாட்டேன். வேணும்னா சனிக்கெழமை பெட்டியைத் தூக்கிட்டு இங்கிட்டு வா. ஆறு மணிக்கே வந்துரு."