பதினோரு கட்டைவிரல்

இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிற மனுஷனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். பத்தொன்பது வருஷமாகச் சோறு போடுகிறாள், ஒரு நாளும் அவன் இப்படி உட்கார்ந்ததில்லை.

"தண்ணி" என்றான்.

வலது கை எச்சில். சொம்பை வாங்க இடது கை வந்துதான் ஆகவேண்டும். வந்தது. கட்டைவிரல் முழுக்க நீல மை, நகக்கண் வரைக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறான். தோல் சிவந்ததே ஒழிய மை போகவில்லை.

"விரல்ல என்ன மை?"

"பேனா கசிஞ்சுடுச்சு."

"பேனாவை வலது கையிலதானே புடிப்பீங்க?"

"ஒரு மனுஷன் நிம்மதியா சாப்பிடக் கூடாதா இந்த வீட்டுல?"

பதில் சொல்ல முடியாத கேள்விக்கு ஆண்பிள்ளைகள் வைத்திருக்கும் பதில் அது. அவள் தட்டை எடுத்தாள். ஆனால் அவனுக்கு எழுத்து தெரியும். அவன் கையெழுத்து தெருவிலேயே பிரசித்தம். கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்து, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பான். அப்பேர்ப்பட்டவன் எதற்குக் கைநாட்டு வைக்கப் போகிறான்? கைநாட்டு வைப்பது அவள்தான்.

அவன் காகிதக்கூழ் ஆலையில் கேட்காரன். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். "அடுத்த வருஷம் நிரந்தரம்" என்று ஆலை மேனேஜர் வருஷா வருஷம் சொல்வார், இவனும் வருஷா வருஷம் நம்புவான். ஒருமுறை இரும்புக் கேட்டைச் சாத்தும்போது இடது கட்டைவிரல் நசுங்கிப் பிளந்துவிட்டது. தழும்பு இன்னும் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடுகிறது.

அவளும் அதே ஆலையில்தான் வேலை செய்தாள். வெட்டி வருகிற மரங்களுக்குப் பட்டை உரிக்கும் வேலை. தெருவில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் அந்தக் களத்துக்குப் போனார்கள். அங்கே வருகிற மரத்துக்கு ஊர் வைத்த பெயர் ஆலை மரம். குச்சி நட்டமாதிரி நேராக வளரும். கீழே புல் முளைக்காது, மேலே குருவி உட்காராது. தண்ணீர் மட்டும் குடிக்கும், அதை அப்படிக் குடிக்கும். ஆலைக்காரர்கள் தெருவைச் சுற்றி அதை நட்டுக்கொண்டே வந்தார்கள், கிணறுகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டே போயின.

மிச்சம் இருந்தது ஒரு சரிவு நிலம். கல்லும் முள்ளுமாகக் கிடந்த காலத்தில், எதற்கும் உதவாது என்று ஆண்கள் ஒதுக்கிய இடம். அதனால் அது அம்மாக்களிடமிருந்து மகள்களுக்கு வந்தது. பதினோரு துண்டு, பதினோரு பெண்கள் பேரில். அவள் துண்டில் ஒரு கிணறு இருந்தது. இன்றைக்குத் தெரு முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அதுதான். மேனேஜர் இரண்டு வருஷமாக அந்தச் சரிவின் மேல் கண்ணாக இருந்தார். பெண்கள் முடியாது என்றார்கள். குடிக்கிற தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதைக் குடிப்பது?

இப்போது புருஷன் விரலில் மை.

மறுநாள் களத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற நெட்டச்சியிடம் சொன்னாள். ஆளே ஆறடி, அதனால் அந்தப் பெயர். நெட்டச்சி கத்தியை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுலயும் ரெண்டு நாளா ரொம்ப மரியாதையாத்தான் நடக்குது பெரியக்கா. நானே யோசிச்சேன், என்னடா இது, இந்த மனுஷன் என்னை வாங்க போங்கன்னு கூப்பிடுறாரேன்னு."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆலை சரிவு நிலத்தில் மரம் நடுவதுபற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம். மேலே இருந்து அதிகாரி வருகிறார். பெண்கள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. நெட்டச்சியின் முழங்கால் அவள் தாடையை இடித்தது.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதக் கட்டைப் பிரித்தார்.

"நிலத்துக்காரங்க பதினோரு பேரும் சம்மதம் கொடுத்தாச்சே. அப்புறம் எதுக்கும்மா வந்திருக்கீங்க?"

"யாரு குடுத்தா?" என்றாள் அவள்.

"நீங்கதான். இதோ உங்க கைநாட்டு."

தாளைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் கட்டைவிரல், அழகாக, சுழி சுழியாக, எண்ணிவிடலாம் போல் ரேகை. அந்த ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு தழும்பு.

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். தன் இடது கட்டைவிரலை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை. கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தது. பதினாறு வருஷம் பட்டை உரித்த கை. மரத்தின் பாலும் களத்துத் தொட்டியின் காரத் தண்ணீரும் ரேகையைத் தின்று தீர்த்திருந்தன.

"எங்க பதினோரு பேருக்கும் ரேகை கிடையாதுங்க. ஆலையில வருகைக்கு மெஷின் வெச்சாங்க, எங்க விரலை அது எடுக்கல. அப்ப மேனேஜர் சார்தான் எழுதிக் குடுத்தாரு, இவங்களுக்கு ரேகை தேஞ்சுபோச்சு, டோக்கன் போதும்னு. வேணும்னா அவரையே கேளுங்க. மத்த தாளையும் கொஞ்சம் பாருங்க."

அதிகாரி பார்த்தார். இரண்டாவது தாளிலும் தழும்பு, மூன்றாவதிலும் தழும்பு, பதினொன்றிலும் அதே தழும்பு. பதினோரு பெண்களுக்கும் சேர்த்து ஒரே கட்டைவிரல் சம்மதம் சொல்லியிருந்தது. தெருவின் ஆண்கள் பின்சுவரோரம் நின்று கூரையைப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் எதற்கு மை, ஒருத்தன் விரல் போதாதா என்று பேசி முடித்தவர்கள் அவர்கள்தான். எத்தனையோ காலமாகப் பெண்டாட்டிகளுக்குப் பதிலாகத் தாங்களே எல்லாவற்றுக்கும் தலையாட்டி வந்தவர்கள். இது ஒரு தப்பு என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பெண்டாட்டிகளின் விரலை ஒருமுறை பார்த்திருந்தால் குட்டு இப்படி உடைந்திருக்காது. யார் பார்த்தார்கள்?

மேனேஜர் இருமினார். "சார், சம்மதம் தப்புன்னா அவங்க முறைப்படி ஆட்சேபணை பதிவு பண்ணட்டும். நாங்க ஒண்ணும் தடுக்கலையே."

"அதுவும் சரிதான்" என்ற அதிகாரிக்கு உயிர் வந்தது. பிரச்சினையை விதிக்குள் தள்ளிவிட்டால் அவருக்கு மூச்சு சீராகிவிடும். "ஆட்சேபணையை இந்த மெஷின்லதாம்மா பதிவு பண்ணணும். விரலை வையுங்க."

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், சிவப்பு. நெட்டச்சி வைத்தாள், சிவப்பு. பதினோரு பேரும் வரிசையாக வந்து வைத்தார்கள். மெஷின் ஒருத்தியைக்கூட ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னம்மா பண்றது, ரேகை விழுந்தாத்தானே பதிவாகும்?"

"வேணும்னு சொல்றதுக்கு என் விரல் தேவைப்படல. வேணாம்னு சொன்னா மட்டும் தேவைப்படுதா?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நேர்மையாகவே தேடினார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வழியும் கிடைத்தது.

"ரேகை இல்லாதவங்களுக்காக வீட்டு ஆம்பளை வெக்கலாம்னு இருக்கு. உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கேட்காரன் கதவோரம் சீருடையில் நின்றான். மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே இருந்தார், அதுதான் பார்வை.

அவள் அவன் அருகில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பதினோரு தடவை வெச்சீங்க. நாங்க யாரும் கேக்காமலே வெச்சீங்க. இப்ப நான் கேக்கறேன். ஒரு தடவை எனக்காக வைங்க."

அவன் இடது கை மெல்ல மூடியது. கட்டைவிரல் உள்ளே போய், மற்ற நாலு விரலும் அதன்மேல் கவிழ்ந்தன. எதிரே சுவரில் பிள்ளைகள் ஒட்டிய படம் ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றான். மரம் வளர்ப்போம் என்று எழுதியிருந்தது.

அவள் காத்திருந்தாள். ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை" என்று அதிகாரி எழுதினார். பார்க்க அழகான கையெழுத்துதான்.

அடுத்த மாதமே சரிவைச் சுற்றி வேலி வந்துவிட்டது. கிணறு வேலிக்குள்ளே. ஆலை மரக் கன்றுகள் வரிசை வரிசையாக இறங்கின, சரிவுக்கு மேலே ஏற்கெனவே ஐந்து வருஷ மரங்கள் வெட்டுக்குத் தயாராக நின்றன. தெருவுக்கு வாரம் இருமுறை தண்ணீர் லாரி வரும் என்றார்கள். ஒருமுறை வந்தது. கேட்காரனுக்கு மட்டும் வேலை நிரந்தரமாயிற்று. புதுச் சீருடை, புதுத் தொப்பி, சரிவு வேலியின் சாவியும். வீட்டில் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, பாவம்.

பட்டை உரிக்கும் கத்திகளைக் காலையில் கேட்டில்தான் கொடுப்பார்கள். கொடுப்பது அவன் வேலை. ஒவ்வொரு கத்தியையும் பிடியோரத் தகட்டில் இடது கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக் கூர் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவான். தொழில் சுத்தம். புதுக் கத்திகள் வந்திருந்த அன்றைக்கும் அப்படித்தான் பதினொன்றையும் பார்த்துக் கொடுத்தான். பெண்கள் பிடியைப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதினோரு பேரும் கத்தியோடு சரிவுப் பக்கம் போனார்கள். பட்டப்பகல்தான், எல்லாரும் பார்த்தார்கள். பட்டைக்காரி கத்தியோடு மரத்துக்குப் போனால் எவன் எதற்கு என்று கேட்பான்? வேலிக் கதவைத் திறந்துவிட்டதே அவன்தான்.

வெட்டின மரத்தின் உடம்பு அவர்களுக்கு அத்துப்படி. நிற்கிற மரத்தின் உயிர் எங்கே ஓடுகிறது என்பதும் அத்துப்படி. இடுப்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, சுற்றிவரப் பட்டையை உரித்து எடுத்துவிட்டால் போதும். மரம் நின்ற இடத்தில் நின்றபடியே செத்துப் போகும். ஐந்து வருஷ மரங்களில் ஆளுக்கு முப்பது. உரித்துக்கொண்டே நெட்டச்சி கொஞ்சம் பாடினாள்கூட. முடிந்ததும் கத்திகளைக் கிணற்றடியில் அடுக்கி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் மேனேஜர், நடுவில் கேட்காரன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"சார், இவதான் சார் செஞ்சா. இவளும் மத்த பத்துப் பேரும். நானே கதவைத் திறந்துவிட்டேன். கேளுங்க சார் இவளை."

"நீங்களாம்மா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஆமாங்க. நான்தான் உரிச்சேன். பதினோரு பேரும் சேர்ந்து உரிச்சோம். எழுதிக்கோங்க."

இப்படி ஒப்புக்கொள்கிறவர்களை இன்ஸ்பெக்டர் அதிகம் பார்த்ததில்லை போலும். அவசரமாக எழுதினார். எழுதி முடித்து, பழக்கத்தில் பையிலிருந்து சின்ன மெஷினை எடுத்து நீட்டினார். அவள் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு.

"துடைச்சிட்டு வையுங்க."

"எத்தனை தடவை துடைச்சாலும் இவ்வளவுதாங்க. மேனேஜர் சாரே எழுதிக் குடுத்திருக்காரு, எங்களுக்கு ரேகை இல்லைன்னு. போன மாசம் அதிகாரியும் எழுதிட்டாரு, எங்க சொல்லு பதிவாகாதுன்னு. வேணாம்னு சொன்னது பதிவாகல, செஞ்சேன்னு சொல்றது மட்டும் பதிவாயிடுமா?"

இன்ஸ்பெக்டர் எழுதின தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு கூட வந்த போலீஸ்காரர் நீட்டிய இன்னொரு தாளைப் பார்த்தார்.

"கத்தியில ரேகை எடுத்தாச்சு. பதினொண்ணுலயும் ஒரே ஆளோடதுதான் இருக்கு. குறுக்கே ஒரு தழும்பு." தலையை நிமிர்த்திக் கேட்காரனைப் பார்த்தார். "உங்க இடது கையைக் காட்டுங்க."

அவன் கை மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மூடின அதே மாதிரி, கட்டைவிரல் உள்ளே, நாலு விரல் மேலே. மனைவியைப் பார்த்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று பார்த்தான்.

சொன்னாள்.

"கொடுங்க. பழக்கப்பட்ட விரல்தானே."