துடைக்கும் பொத்தான்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மானுடப் பொழுதுபோக்கின் போக்கையே புரட்டிப்போட வந்த சாயக்குண்டால் ஒருவரையொருவர் சுடும் 'சாயப்போர்' என்னும் பெயின்ட்பால் வீடியோ கேம் வெளியாகிவிட்டது. வெளியான கையோடு உலகம் அதைக் காறித் துப்பியும் விட்டது.

எல்லோரும் துப்பியது ஒரே இடத்தில்: பெஞ்சு. சாயக்குண்டு பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் ஓரமாக நடந்து போய், ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். "காசு குடுத்து வாங்கி, ஓரமா உக்காந்திருக்கேன்" என்று ஒருவர் எழுத, ஆயிரம் பேர் ஆமோதித்தார்கள்.

விளையாட்டில் அந்தப் பெஞ்சை வடிவமைத்தவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. அவளைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி இருந்தார். எதைப் பார்த்தாலும் பிரம்மாண்டம் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்ட விளம்பர அதிகாரியும் இருந்தார். மேசை நடுவே ஒரு கோப்பை பளபளத்தது. போன வருடம் அலுவலகமே திரண்டு நிஜ மைதானத்தில் பெயின்ட்பால் விளையாடப் போனபோது முதலாளி வென்றது.

"அக்கா, பெஞ்சைத் தூக்கிடலாம்," என்றார் பிரம்மாண்டம். "அதுக்குப் பதிலா ஒரு பொத்தான். 'துடை'. அமுக்கினா சாயம் போயிடும், ஆள் மறுபடி ஓடலாம். பிரம்மாண்டமா இருக்கும்."

"துடைச்சிட்டு ஓடுறதுக்குப் பேரு அழுகுணி ஆட்டம்."

"ஏம்மா, ஒரு பொத்தானுக்குப் போய் இவ்வளவு அலட்டிக்கிற," என்றார் முதலாளி. "இன்னைக்குள்ள போடு. இல்லேன்னா விளையாட்டுக் கடைசியில வர்ற உன் பேரை எடுத்துடுவோம்."

வருடக்கணக்கில் கண் வீங்க உழைத்ததற்கு அவளுக்கென்று மிஞ்சியது திரையில் ஓடும் அந்த ஒரு வரிதான். கோப்பையைப் பார்த்தாள்.

"பேரை எடுத்துக்குங்க சார். பெஞ்சு இருக்கும்."

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன சார். அன்னைக்கு மரத்துக்குப் பின்னால கைக்குட்டையால நெஞ்சைத் துடைச்சிட்டு ஓடினீங்களே, அவர்கிட்டதான். முதுகைத் துடைக்க மறந்துட்டீங்க. ரெண்டும் நான் அடிச்சதுதான்."

பிரம்மாண்டத்துக்கு ஜன்னல் வழியே ஏதோ முக்கியமான மேகம் தென்பட்டது. முதலாளியின் கை கோட்டின் முதுகுப்பக்கம் போனது. போன பிறகுதான் அது போனது அவருக்கே தெரிந்தது.

"உன் பேரு இருக்காது," என்றார், கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு.

"பெஞ்சு இருக்கும்," என்று எழுந்தாள். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளவில்லை.

இனிமேல் பெஞ்சைப் பற்றி வாய் திறந்தால் முதுகைப் பற்றியும் பேச்சு கிளம்பும். ஆகவே முதலாளி பெயரை மட்டும் எடுத்தார்.

மாலையில் அவள் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்து, விளையாட்டைத் திறந்து பார்த்தாள். உலகம் முழுக்க அதை ஆடிக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். பக்கத்து அறையில் கணினியோடு மோதிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர்.

அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.