பஃப் பெட்டியும் அதிகாரப் பகிர்வும்

மடுத்தீன் பத்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவன். முழங்கால் போன பிறகுதான் பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தவரத்தினத்தின் பலசரக்குக் கடையில் வேலை கிடைத்தது. கடை வாசல் நடைபாதையில் குந்தி இருந்துகொண்டு முருங்கைக்காய்க் கட்டுப் போடவேண்டும். இருந்து செய்கிற வேலை என்பதால் அவனுக்கு அது பெரிய உத்தியோகம்.

இருப்பது ஒரு பெட்டியின் மேல். உள்ளே முழுக்க பஃப்; உறிஞ்சி முடிந்ததும் எறிந்துவிடுகிற, பழவாசனை மின்சிகரெட். அதை விற்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது, "உதைக் கொண்டுபோய்த் துலை" என்று முதலாளி சொல்லியிருந்தார். மடுத்தீனும் வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தான். இறக்கி வைத்துப் பார்த்தால் உயரம் முழங்காலுக்கு அளவு. அப்படியே இருந்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை நகரசபை ஆள் ஒருவன் வந்தான். பெட்டியின் பக்கத்தில் இருந்த ஸ்ட்ரோபெரிப் படத்தைப் பார்த்து, மடுத்தீனை எழும்பச் சொல்லித் திறந்தான்.

தவரத்தினத்தின் முகம் கறுத்துப்போனது. "கடையைப் பூட்டினாங்கள் எண்டா நீயும் வீட்டை போகவேண்டியதுதான், மடுத்தீன்."

ஆனால் வந்தவன் தோளைக் குலுக்கினான். நடைபாதைதான் தன் பொறுப்பாம், பஃப் அரசாங்கத்தின் பாடாம். பெட்டியை உள்ளே எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். மடுத்தீனுக்குப் போன உயிர் வந்தது.

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற றொஜர் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரம் பிரித்துப் பிரித்தே தலை நரைத்த மனிதர்.

"நில்லுங்கோ முசியே," என்றார் பிரெஞ்சில். "உங்கட நகரத்தில உங்களுக்கு அதிகாரம் இல்லையோ? எல்லாத்தையும் மத்தி எடுத்தா உங்களுக்கு என்ன மிச்சம்?"

"றொஜர் அண்ணை, அவன் போறான், விடுங்கோ," என்று தவரத்தினம் கெஞ்சினார்.

"பேசாமல் இரும் தவம். கேக்காட்டித் தருவாங்களே?"

காசு கொடுக்க நின்ற கோசலையக்காவும் சேர்ந்துகொண்டார். "அதுதானே. காணி, பொலிஸ் அதிகாரம் எல்லாம் கீழ வரவேணும்."

தவரத்தினமும் ஒரு காலத்தில் சமஷ்டி கேட்டு ஊர்வலம் போனவர்தான். இன்று கைகூப்பினார். "அக்கா, இந்தக் கடைக்கு ஒற்றையாட்சியே போதும்."

நகரசபை ஆளுக்குக் காது சிவந்துவிட்டது. இப்படி ஒருவரும் அவனை உசுப்பியதில்லை போல. தொலைபேசியை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அரசாங்கப் பரிசோதகர் அம்மா ஒருத்தி வந்தாள். சாமான் தன்னுடையது என்றாள். பெட்டி நின்றது தன் நடைபாதையில் என்றான் அவன். றொஜர் வாசற்படியில் ஒரு முருங்கைக்காயைக் குறுக்கே வைத்து எல்லை பிரித்துக் கொடுத்தார்.

கடைசியில் பஃப் முழுவதும் அரசாங்கத்துக்கு, வெறும் பெட்டி நகரசபைக்கு என்று முடிவானது. கடையைப் பூட்டுவது யாருடைய அதிகாரம் என்பது மட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை. ஆளுக்கொரு எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தீரே, அதிகாரப் பகிர்வுதான் உம்மடை கடையைக் காப்பாத்தினது," என்றார் றொஜர். தவரத்தினம் வியர்வையைத் துடைத்தார்.

மடுத்தீன் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "எல்லாம் சரி அண்ணை. நான் இனி எதில இருக்கிறது?"

றொஜர் கத்தரிக்காய்ப் பையை முடிச்சுப் போட்டார்.

"அது உங்கட உள்வீட்டு விவகாரம், தம்பி. அதில நான் தலையிடேலாது."