பதினொன்று நாற்பத்திரண்டு: அனுப்பியாச்சு

மும்பை மாஹிமிலிருந்து முகம்மது ஹனீப் என்பவர் லேபுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தும் அவருக்கு எச்சரிக்கை மெசேஜ் வரவில்லையாம். சர்வரின் பதிவைத் திறந்தேன். 'அனுப்பியாச்சு' என்று இருந்தது. கூசாமல் பொய் சொல்கிறார் மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. சர்வர் எழுதி வைத்தால் நம்புவேன், மனுஷன் சொன்னால் நம்ப மாட்டேன்.

அந்த லேபுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் கம்பெனி. முடிவு ஆபத்தாக இருந்தால் வீட்டுக்கு உடனே மெசேஜ் போகவேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் பேச்சிராஜாவாகிய நான்தான்.

ஒப்புக்கு, மெசேஜைக் கொண்டுசேர்க்கும் கம்பெனியிடமும் கேட்டேன். அப்படி ஒன்று எங்களிடம் வரவே இல்லை என்றார்கள். அதன்பிறகுதான் என் பக்கம் தேட உட்கார்ந்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அது போகிற இடமெல்லாம் அந்த எண்ணைப் பதியவைத்தேன். பிறகு வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மெசேஜை விட்டுப் பார்த்தேன். அப்போதும் 'அனுப்பியாச்சு' என்றே வந்தது.

போன வருஷம் லேப் கவுண்டரில் இருக்கும் சாதனா, திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, வரிசையில் நிற்பவர்கள் கத்துகிறார்கள் என்று தினமும் புலம்பினாள். மெசேஜ் போய்ச் சேரும்வரை சர்வர் காத்திருந்ததுதான் காரணம். நிரலில் காத்திரு என்று சொல்லும் ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டேன். திரை பறந்தது, சாதனா ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அதற்குப்பின் சர்வர் வேலையைப் பின்னால் தள்ளிவிட்டு, அது முடிந்ததா என்று பார்க்காமலே 'அனுப்பியாச்சு' என்று எழுதிக்கொண்டிருந்தது. மெஷினில் துணியைப் போட்டதுமே காய்ந்துவிட்டது என்று எழுதி வைப்பதுபோல. பின்னால் அது தோற்றால் கேட்க நாதியில்லை.

என் அம்மா முப்பிடாதியம்மாளுக்கும் இதே லேபில்தான் ரத்தம் எடுத்தோம். சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. இந்த வருஷம் மே மாதம் ஒருநாள் முடிவு ஆபத்தாக வந்தது; மெசேஜ் போகவேண்டியது தாராவி வீட்டில் அம்மாவோடு இருந்த மதினி விஜயராணியின் போனுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா போய்விட்டாள். மெசேஜ் வரவேயில்லை என்று மதினி சொன்னாள். பதினாறாம் நாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, நான்தான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பதினொன்று நாற்பத்திரண்டு, அனுப்பியாச்சு. பார்த்துவிட்டு அழித்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் பிரம்மநாயகம் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான். கொஞ்ச நாள் வரலை, வரலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அம்மா இறந்த தேதியைக் கொடுத்தும் அந்த மெசேஜ் கம்பெனியிடம் கேட்டேன். அன்று பதினொன்று நாற்பது முதல் ஐந்து நிமிஷம் அவர்களுடைய சர்வர் வேலை செய்யாமல் படுத்திருந்தது, மதினியின் போனுக்கு எதுவும் போகவில்லை என்று பதில் வந்தது. இரண்டுமுறை படித்தேன். அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. எடுத்த சொல்லைத் திரும்பப் போட்டேன். தோற்றால் அலறும்படி இன்னும் நாலு வரி எழுதினேன். தப்பு என்னுடையது என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். டீ வந்தது, குடித்தேன். அது டீதானா என்றுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும் கோபர்கைரனேயிலிருந்து தாராவிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி தரையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் கேட்கிறமாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் போனைக் கீழே வைத்தான்.

"மெசேஜ் வரவேயில்ல மதினி. நீங்க சொன்னதுதான் நெசம். தப்பு என்னோடது."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வந்துச்சு தம்பி," என்றாள்.

இல்லை, ஆதாரம் இருக்கிறது என்று லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"வந்துச்சு. நான் படிச்சேன். அடுப்புல சோறு பொங்கிட்டு இருந்துச்சு. பொறவு பாப்போம்னு போனைக் கவுத்தி வச்சிட்டேன். மொதல்ல ஞாபகம் இல்ல. இப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."