அக்கா எடுத்து வைத்த மருந்து

அக்காவும் தங்கையும் ஒரே வருடத்தில் மருந்தியல் பட்டம் வாங்கினார்கள். கல்யாணம், குழந்தை என்று அக்கா நடுவில் படிப்பை நிறுத்தியிருந்ததால் அப்படி அமைந்தது. வேலையும் ஒரே மருந்துக் கடையில். உரிமத் தேர்வில் தேறும்வரை இருவரும் பயிற்சியாளர்கள்தான். மருந்தை எடுத்து வைக்கலாம்; உரிமம் உள்ளவர் சரிபார்த்த பிறகே அது வாங்குபவர் கைக்குப் போகும்.

விடிகாலையில், குழந்தை எழுவதற்குள், சமையலறை மேசையில் படிப்பார்கள். தங்கைக்குப் பிடிபடாத மருந்தளவுக் கணக்குகளை அக்காதான் பால் ஆற்றிக்கொண்டே புரியவைப்பாள்.

முடிவு வந்தபோது தங்கை தேறியிருந்தாள். அக்கா மருந்துச் சட்டத் தாளில் கோட்டை விட்டிருந்தாள்.

“ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பாஸானது நீயா, நானா?” என்று அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் கடையில் சரிபார்க்கும் நாற்காலி தங்கைக்கு வந்தது. மற்றவர்கள் மருந்து எடுத்து வைக்கும் தட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அக்காவின் தட்டு வந்தால் மட்டும் ஒரு பார்வை, உடனே கையெழுத்து.

ஒரு மதியம் பள்ளி ஆசிரியை ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிப் போனார். மீதிப் பெட்டியை அலமாரியில் வைக்கப் போன அக்கா திகைத்து நின்றாள். எடுக்க வேண்டிய பெட்டி பிரிக்காமல் அங்கேயே இருந்தது. கையிலிருந்தது இரண்டு மடங்கு வீரியமுள்ளது.

அக்கா தெருவில் ஓடினாள். பேருந்துக்குக் காத்திருந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு, கடைக்கு அழைத்து வந்து மாற்றிக் கொடுத்தாள். நடந்ததை இருவரும் கடைப் பொறுப்பாளரிடம் சொன்னார்கள். அவர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பின்னறையில் அக்கா கேட்டாள்: “மாத்தி எடுத்தது நான்தான், அது என் தப்பு. ஆனா நீ எதுக்குடி அங்க உக்காந்திருக்க?”

“நீ எடுத்ததாச்சேன்னு...”

“அக்கா மூஞ்சிய வீட்ல பாத்துக்கோ. இங்க டப்பாவப் பாரு.”

தங்கை தலைகுனிந்தாள். “எல்லாம் சொல்லிக் குடுத்ததே நீ. உன்னைப் போய்ச் சோதிக்கக் கூசுதுக்கா.”

அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும்தான் கூசுது. அதான் உங்கிட்ட தட்ட நீட்டுன உடனே நகந்துடறேன். நின்னு ஒரு தடவை பாத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்” என்றாள்.

மறுநாள் அக்காவின் தட்டு ஒன்று திரும்பி வந்தது.

“சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதல.”

“சரிங்க மேடம்” என்று அக்கா வாங்கி எழுதினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கையும்தான்.

விடிகாலைப் படிப்பு மறுபடி தொடங்கியது. இப்போது சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தங்கை கேள்வி கேட்டாள். பதில் தெரியாவிட்டால் அக்கா குழந்தை அழுகிறது என்று எழுந்து போவாள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த தேர்வின் முடிவு ஒரு விடுமுறை நாளில் வந்தது. அக்கா குழந்தையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசியைப் பார்த்த தங்கை “அக்கா!” என்று கத்தினாள்.

“பாஸா?”

“பாஸ்!”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நகவெட்டியைத் தங்கையிடம் நீட்டினாள்.

“இந்தா, மிச்சத்த நீ வெட்டு. எனக்குக் கண்ணு தெரியல.”