இருநூற்றுப் பன்னிரண்டாவது மூக்கு

ஸ்கேன் டாக்டரம்மாவிடம் மூக்கைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. எடுத்தால் விடமாட்டாள். மூக்குக்குள் பக்கத்துக்கு மூன்றாகத் தொங்கும் சுருள் எலும்புகள் இரண்டு பேருக்கு ஒரேபோல் அமைவதில்லை என்பது அவள் கட்சி. ஒருவருக்கு நடுச்சுருள் காற்று நிரம்பி உப்பியிருக்கும். இன்னொருவருக்கு அது வளைய வேண்டிய பக்கம் வளையாமல், கோபித்துக்கொண்டதுபோல் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். அப்படிப்பட்ட படங்களாக இருநூற்றுப் பதினொன்று சேர்த்து வைத்திருந்தாள். தன் கல்யாண ஆல்பம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தது சொந்த அக்காவின் மூக்கு. வலது நடுச்சுருளில் பெரிய காற்றறை, இடது நடுச்சுருளில் தலைகீழ் வளைவு. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசித்தாள். பிறகு வழக்கப்படி அறிக்கையின் கடைசி வரியை அடித்தாள்: 'இவை இயல்பான மாறுபாடுகள், நோயல்ல.' கையெழுத்தும் போட்டாயிற்று.

அக்காவுக்கு இரண்டு வருடமாக வலது கன்னத்தில் வலி. அங்கிருந்து கண்ணுக்கு ஏறும். பார்த்த டாக்டர்களெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். அத்தான் ஒரு படி மேலே போய், உடம்பு வணங்காதவர்களுக்கு வருகிற வலி என்று சொல்லிவிட்டார். ஸ்கேனாவது தன் பக்கம் சாட்சி சொல்லும் என்று அக்கா மலைபோல் நம்பியிருந்தாள்.

மறுநாள் மதியம் அறிக்கையும் கையுமாக ஸ்கேன் அறைக்கே வந்துவிட்டாள்.

"இந்தக் கடைசி வரிய எடுத்துடு."

"எப்படிக்கா? இந்த மாதிரி எத்தனையோ பேருக்கு இருக்கு. இத எடுத்துட்டா மூக்குல ஆபரேஷன் பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். வெட்டித் தச்சாலாவது உங்க அத்தான் நம்புவாரு."

"வெட்டினாலும் வலி போகாதுக்கா."

"போகவேணாம். இருக்குன்னு யாராவது ஒத்துக்கிட்டா போதும்."

டாக்டரம்மா தன் கைப்பையைத் திறந்தாள். பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினாள். சண்டைக்கு நடுவே சாப்பிடச் சொல்வது அந்தக் குடும்பத்துப் பெண்களின் வழக்கம். அக்கா வாங்கி வெடுக்கென்று கடித்தாள். கடித்த துண்டை நாக்கால் இடப்பக்கம் தள்ளி மென்றாள். அடுத்த துண்டும் இடப்பக்கமே போனது.

"ஏன் அந்தப் பக்கமே மெல்லுற?"

"பழக்கம்."

"எத்தனை நாளா?"

அக்கா யோசித்தாள். "ரெண்டு வருஷம் இருக்கும். ஏன், பல்லா? வலது பல்லுக்குத்தான் அப்பவே வேர் வரைக்கும் வைத்தியம் பண்ணி மூடியாச்சே."

டாக்டரம்மா படத்தைத் திறந்தாள். நேற்று சுருள்களைப் பார்த்த சந்தோஷத்தில் அதற்குக் கீழே அவள் இறங்கவேயில்லை. மவுஸை உருட்டி உருட்டி இறங்கினாள். படத்தின் அடி விளிம்பில், வலது மேல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு குழி இருந்தது. அழகான ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுவது ஸ்கேன் படம் பார்க்கிறவர்களின் பழைய வியாதி. அதைப் பற்றி வருடா வருடம் வகுப்பெடுப்பவளே அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, வேருக்கு மேல சீழ் கட்டியிருக்கு. பல் டாக்டர்கிட்ட போகணும். நேத்து நான் கோட்டை விட்டுட்டேன்."

"அப்ப நெஜமாவே இருக்கா?"

"இருக்குக்கா."

அக்கா அழுதாள். வலித்தபோதெல்லாம் அழாதவள், அந்தக் கறுப்புக் குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். திரையில் ஆப்பிள் ஈரம் பட்டது. டாக்டரம்மா பழைய அறிக்கையைத் தள்ளுபடி செய்து புதிதாக அடித்தாள். பல்லுக்கு முதல் வரி; சுருள்களுக்குக் கடைசியில் ஒரு மூலை.

அச்சான தாள் ஆறுவதற்குள் அக்கா அத்தானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?" என்றார் அத்தான்.

இரண்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்பவாவது கேட்கத் தோன்றியதே இந்த மனிதருக்கு என்று டாக்டரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். அவளும் கேட்டதில்லை.