கிடார் வரும் இடம்

அப்பாவின் மார்பில் பளபளத்த வெள்ளிச் சட்டையின் பொத்தான்களை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். விறைத்த கை சட்டைக்குள்ளிருந்து வர மறுத்தது. பிணத்தைத் தொட்டதில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டை முழுக்க ஒட்டியிருந்த ஜிகினாவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

“யாரு சித்தப்பா இந்தக் கண்றாவியைப் போட்டுவிட்டது?”

“நான்தாம்மா. அண்ணனோட பழைய ரெக்கார்டு அட்டையில இதே மாதிரி சட்டைதானே? கம்பெனிக்காரர் தைச்சே எடுத்துட்டு வந்துட்டார். ஒரே ஒரு போட்டோ, அப்புறம் மாத்திடலாம்.”

“பொணத்துக்கு வேஷமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

வெட்கம் சித்தப்பாவுக்கு இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அப்பா ஆயுசு முழுக்க மதுக்கடைகளில், புகைக்கு நடுவே, கண்ணை மூடிக்கொண்டு கிடாரில் ப்ளூஸ் என்னும் சோக இசை வாசித்தவர். நடுவில் கொஞ்ச காலம் ஜனங்களை ஆடவைக்கும் ஆசை வந்து, ஃபங்க், டிஸ்கோ என்று ஆட்டப் பாட்டாக இரண்டு ஆல்பம் போட்டார். பழைய ரசிகர்கள் காறித் துப்பினார்கள். இரண்டிலும், கனத்த அடிநாதம் தரும் பேஸ் கிடார் வாசித்த இதே சித்தப்பா, ‘அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, நான் என்ன பண்றது’ என்று ஊரெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொண்டார். இப்போது இளவட்டங்கள் அந்த ஆல்பங்களைத் தேடித் தேடி ஆடுகிறார்களாம். கம்பெனி இரண்டையும் மறுபடி வெளியிடுகிறது. உடனே சித்தப்பா, ‘ஐடியாவே என்னோடதுதான்’ என்று கூசாமல் அள்ளிவிட ஆரம்பித்துவிட்டார். த்தூ!

ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்த பிறகு அப்பா கண் விழித்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “ரெக்கார்டு வந்துடுச்சா?” மாத்திரை கொடுக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். “மூணாவது பாட்டுல எல்லாம் ஒரு நொடி நின்னுடும். அப்புறம் கிடார் தனியா வரும் பாரு. அந்த ஒரு இடத்துலதான் நான் நெனச்சது அப்படியே விரல்ல வந்துச்சு. அதைப் புதுசா ஒருதரம் கேட்டுட்டாப் போதும்டி.”

அப்பா போன மறுநாள் ரெக்கார்டு வந்தது. அவள் உறையைப் பிரிக்கவில்லை. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை ஒருதரம் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூத்தையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். அவருடைய பழைய பருத்திச் சட்டையை மாட்டிவிட்டு, சவப்பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

கூடம் நிறைந்திருந்தது. அன்றைக்குத் துப்பியவர்களில் பாதிப் பேர் முன்வரிசையில் இருந்தார்கள். சென்ட் வாடையோடு வந்த கம்பெனிக்காரர், “உங்கப்பா ஒரு சகாப்தம்மா” என்று சொல்லிக்கொண்டே செல்போனைத் தூக்கிப் படம்பிடித்தார். அவளுக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

“மூணாவது பாட்டைப் போடுங்க” என்றாள்.

டிரம் அதிர்ந்தது, டிரம்பெட்டுகள் பிளிறின, பெண்கள் கூட்டாகப் பாடினார்கள். முன்வரிசையில் தலைகள் ஆடின. அவள் அப்பாவின் குளிர்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஒரு நொடி நின்றது.

சித்தப்பாவின் பேஸ்தான் வந்தது. கொழுகொழுவென்று, கூடத்தையே அடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு அடியில் எங்கேயோ கொசு மாதிரி ஒரு முனகல் கேட்டது.

“கிடார் எங்க?”

“புது மிக்ஸிங்மா” என்றார் கம்பெனிக்காரர். “பழைய டேப்புல ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா இருக்கும். வேணுங்கறதை ஏத்தலாம், எறக்கலாம். உங்க சித்தப்பாதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தார்.”

“அண்ணன் சார்பா போனேம்மா” என்றார் சித்தப்பா. “இப்ப ஆடுற பசங்களுக்கு பேஸ்தான் வேணுமாம். கிடார் இடிச்சுது, லேசா எறக்கினோம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“முடியாம கெடக்கறவர்கிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?”

“ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், ‘அண்ணே, உன் கிடார் ஜம்முனு வந்திருக்கு’ன்னு சொன்னீங்களே, அது?”

சித்தப்பா கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். அவரைத் தொட்ட காற்றைக்கூட மூச்சில் இழுக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நேராகப் போய், சுழன்றுகொண்டிருந்த தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினாள்.

யாரோ இருமினார்கள். கம்பெனிக்காரர் செல்போனை இறக்கினார். சித்தப்பா தலையைக் குனிந்து, கண்ணை மூடி, சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு துக்கமாக நின்றார். மரத்தின் மேல் அவருடைய விரல்கள் மட்டும், பாட்டு அறுந்த இடத்திலிருந்து தன் பேஸைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே போயின.